தாளில் ஓர் எண்

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். கோவில் முற்றத்து வேப்பமர நிழலில், நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு குடும்பத் தலைவர் தனியே நின்றிருந்தார். நம்மைக் கண்டதும் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அஃது ஓர் இரத்தப் பரிசோதனை அறிக்கை. 'சி.ஏ. 15-3' என்று ஒரு வரி. அதன் எதிரே 33 என்ற எண். பக்கத்திலே தடித்த எழுத்தில் 'அதிகம்' என்ற குறிப்பு.

"மூன்று ஆண்டுகளுக்குமுன் என் மனைவிக்கு மார்பில் அறுவை நடந்தது உங்களுக்குத் தெரியுமே. சென்ற முறை இந்த எண் 24. இப்போது 33. நோய் திரும்பிவிட்டது என்றுதானே பொருள்? அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மகளுக்குத் திருமண ஓலை கொடுக்க இருந்தோம். நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்."

அன்று அவருக்கு நாம் கூறியது ஒன்றே: "ஓலையை நிறுத்த வேண்டாம், தாளை மருத்துவரிடம் கொண்டு போங்கள், உங்கள் மனைவியையும் உடன் அழைத்துப் போங்கள்." ஆயினும் அவர் கேட்ட கேள்வி நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. இன்று எத்தனையோ இல்லங்களில், அறுவையும் மருந்தும் முடிந்து வீடு திரும்பிய தாய்மார்களின் நிம்மதி இப்படி ஓர் எண்ணின் ஏற்ற இறக்கத்தைப் பற்றித் தொங்குகிறது. அந்த எண் எங்கிருந்து வருகிறது? எதைச் சொல்லும்? எதைச் சொல்லாது? இவற்றை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நலம்.

நோய் விட்டுச்செல்லும் தடயம்

புற்றுநோய் உடலுக்குள் மறைந்து வளர்வது. அதனை வெட்டிப் பார்க்காமலே, சிறுநீரிலோ இரத்தத்திலோ அதன் தடயத்தைக் காண இயலுமா என்பது மருத்துவ உலகின் பழைய கனவு. 1840-களின் இறுதியிலேயே இலண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்பவர், எலும்பு மச்சைப் புற்றுநோய் கண்ட ஒருவரின் சிறுநீரில் வழக்கத்துக்கு மாறான ஒரு புரதத்தைக் கண்டு எழுதிவைத்தார். அத்தகைய தடயப் பொருள்களையே இன்று 'புற்றுநோய்க் குறிகாட்டிகள்' என்கிறோம்.

அடுத்த பெரிய அடி கனடா நாட்டு மான்ட்ரியால் நகரில் எடுத்துவைக்கப்பட்டது. 1965-இல் பில் கோல்ட், சாமுவேல் ஃபிரீட்மன் என்னும் இருவர் பெருங்குடற் புற்றுக் கட்டிகளை ஆய்ந்தபோது, கருவிலிருக்கும் சிசுவின் குடலில் இயல்பாகக் காணப்படும் ஒரு பொருள் அக்கட்டிகளிலும் மிகுந்திருக்கக் கண்டார்கள். கருவறையில் வேண்டியிருந்து, பிறந்தபின் அடங்கிவிட்ட ஒன்றைப் புற்றுநோய் மறுபடியும் தட்டி எழுப்புகிறது. அதுவே 'சி.இ.ஏ.' என்ற குறிகாட்டி. அது குடற்புற்றுக்கு மட்டும் உரியதன்று, மார்பகப் புற்று முதலிய வேறு நோய்களிலும் உயர்கிறது, ஏன், புகைபிடிப்போரிடம் நோயின்றியே சற்று உயர்ந்து நிற்கிறது என்பது பின்னர்த் தெரிந்தது.

தாய்ப்பாலிலிருந்து வந்த சோதனை

மார்பகப் புற்றுக்கெனப் பெரிதும் பயன்படும் சி.ஏ. 15-3 என்ற சோதனையின் பிறப்பு வியப்புக்குரியது. 1975-இல் கேம்பிரிட்ஜ் நகரில் கோலர், மில்ஸ்டீன் என்ற இரு அறிஞர்கள், ஒரே ஒரு பொருளை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்களைச் சோதனைச்சாலையில் வேண்டிய அளவு உண்டாக்கும் வழியைக் கண்டார்கள். 1984-இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அவ்வழியைப் பின்பற்றிய ஆய்வாளர்கள் இருவகை எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கினர். ஒன்று, தாய்ப்பாலின் கொழுப்புத் துளிகளைச் சூழ்ந்துள்ள மெல்லிய படலத்தைக் கொண்டு உருவாக்கப்பட்டது. அதற்கு 115 என்று தொடங்கும் எண் இடப்பட்டிருந்தது. மற்றொன்று, கல்லீரலுக்குப் பரவிய மார்பகப் புற்றுத் திசுவைக் கொண்டு உருவாக்கப்பட்டது. அதன் பெயர் 3 என்று முடிந்தது. இவ்விரண்டும் சேர்ந்தே '15-3' என்ற பெயரைத் தந்தன.

இவ்விரண்டும் பற்றிக்கொள்ளும் பொருள் ஒன்றே. அது 'மியூசின்' என்ற வழவழப்பான புரத இனத்தைச் சேர்ந்தது. நலமுள்ள மார்பகத்தில் பால் செல்லும் நுண்குழாய்களின் உட்புறச் சுவரில் அது பூச்சுப்போல் படிந்திருக்கிறது. உயிரணுக்கள் ஒழுங்காக வரிசை பிடித்து நிற்கும் வரையில் அதன் முகம் குழாயின் உட்பக்கம் நோக்கியே இருக்கும். உதிர்ந்தாலும் பாலோடு போய்விடும். புற்றுநோய் வந்ததும் வரிசை குலைகிறது. உட்பக்கம், வெளிப்பக்கம் என்ற வேறுபாடு உயிரணுவுக்கு அற்றுப்போகிறது. அப்போது அந்தப் புரதம் நாற்புறமும் உதிர்ந்து இரத்தத்தில் கலக்கிறது. அதன் அளவையே சோதனைச்சாலை அளந்து நம் கையில் எண்ணாகத் தருகிறது. பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 25 அல்லது 30 அலகுக்கு உட்பட்டிருந்தால் இயல்பு என்பர். இதே புரதத்தை வேறு வகையில் அளப்பதே 'சி.ஏ. 27.29' என்ற சோதனை.

எண் எங்கே தவறுகிறது?

இவ்வளவு நுட்பமான சோதனை ஏன் நம்மைத் தவறான வழியில் இட்டுச்செல்ல வேண்டும்? காரணங்கள் மூன்று.

முதலாவது, நலமுள்ளவர் இரத்தத்திலும் அந்தப் புரதம் சிறிதளவு உண்டு. கல்லீரல் அழற்சி, கல்லீரல் சுருக்கம், மார்பகத்தின் தீங்கற்ற கட்டிகள், வைட்டமின் பி12 குறைவால் வரும் இரத்தச்சோகை ஆகியவற்றாலும் அது உயரக்கூடும். கருவுற்றிருக்கும் தாயரிடமும் பாலூட்டும் தாயரிடமும் உயர்ந்து காணப்படலாம். நுரையீரல், சூலகம் முதலிய வேறு உறுப்புகளின் புற்றுநோயிலும் உயரும்.

இரண்டாவது, நோய் சிறிதாக இருக்கையில் உதிர்வதும் சிறிதே. முதல் நிலை நோயில் பத்துப் பெண்களில் ஏறத்தாழ ஒருவருக்கே இவ்வெண் உயர்கிறது. இரண்டாம் நிலையில் இருவருக்கு. மூன்றாம் நிலையில் நால்வருக்கு. உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிய நான்காம் நிலையிலேகூட நால்வரில் ஒருவருக்கு எண் இயல்பாகவே நிற்கிறது. அப்படியிருக்க, நோயே இல்லாதவர்கள் முழு உடற் பரிசோதனைத் திட்டங்களில் இச்சோதனையையும் சேர்த்துச் செய்துகொண்டு, "எண் சரியாக இருக்கிறது, மார்பகப் புற்று இல்லை" என்று மகிழ்வது எவ்வளவு பொருளற்றது! நோயைத் தொடக்கத்தில் கண்டுபிடிக்கும் சோதனையன்று இது.

மூன்றாவது, அளக்கும் கோல் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் சோதனைப் பொருளும் சற்று வேறு விடையைத் தருவதுண்டு. ஒரு சாலையில் 24 என வந்ததை வேறொரு சாலையில் வந்த 33 உடன் ஒப்பிடுவது, ஒருவர் கை முழத்தால் அளந்த துணியை இன்னொருவர் கை முழத்தால் சரிபார்ப்பது போலாகும்.

"இனி எப்படி இருக்கும்?"

அறுவை முடிந்த குடும்பங்கள் மருத்துவரைக் கேட்கும் முதற் கேள்வி இதுவே. நோயின் போக்கை முன்கூட்டி மதிப்பிடுவது மருத்துவத்தில் ஒரு தனிக் கலை. அதற்கு மருத்துவர் முதலில் நாடுவது இரத்தத்தையன்று, அகற்றப்பட்ட கட்டியையே. கட்டியின் அளவு என்ன? அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் எத்தனையில் நோய் பரவியிருந்தது? நுண்ணோக்கியில் உயிரணுக்கள் எவ்வளவு உருமாறித் தோன்றின? ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீர்களை ஏற்கும் வாயில்கள் அவற்றில் உண்டா? 'ஹெர்-2' என்ற புரதம் மிகுந்திருந்ததா? இவ்வினாக்களின் விடைகளே நோயின் போக்கையும் மருந்தையும் தீர்மானிக்கின்றன.

ஹெர்-2 மிகுந்த கட்டிகள் விரைந்து திரும்பி வருகின்றன என்பதை 1987-இல் டென்னிஸ் ஸ்லாமன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். அன்று அது கெட்ட செய்தி. ஆனால் அதே புரதத்தைக் குறிவைக்கும் 'டிராஸ்டுசுமாப்' என்ற மருந்து 1998-இல் புழக்கத்துக்கு வந்தபின், அந்தக் கெட்ட செய்தியே நல்வழியின் கதவாயிற்று. போக்கை மதிப்பிடும் ஓர் அடையாளம் மருத்துவத்துக்கும் வழிகாட்டினால்தான் அதற்கு முழு மதிப்பு என்பதை இது நமக்குக் கற்பிக்கிறது.

அறுவைக்கு முன்பே சி.ஏ. 15-3 மிக உயர்ந்திருந்த பெண்களுக்கு, பொதுவாகப் பார்த்தால், நோய் திரும்பும் வாய்ப்புக் கூடுதல் என்று பல ஆய்வுகள் கூறுவது உண்மை. மிக உயர்ந்த எண் வந்தால் நோய் வேறெங்கேனும் பரவியிருக்கிறதா என்று மருத்துவர் தேடுவதும் முறையே. ஆயினும், கட்டியின் இயல்புகளையும் கணக்கில் சேர்த்து 2018 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் படிநிலை நெறியில் இரத்தக் குறிகாட்டிகளுக்கு இடம் தரப்படவில்லை.

இன்னொன்றும் நினைவில் நிற்க வேண்டும். 'நூற்றில் இத்தனை பேர்' என்பது ஒரு பெருங்கூட்டத்தைப் பற்றிய உண்மை. அக்கூட்டத்தில் ஒருத்தியான நம் தாய்க்கோ தங்கைக்கோ அது தீர்ப்பாகாது. ஜாதகம் பார்க்கும் வழக்கம் நமக்கில்லை என்று சொல்லிக்கொள்ளும் நாமே, இரத்த அறிக்கையை ஜாதகமாக்கி, கட்டம் கட்டமாக ஆயுளைக் கணிக்கப் புகுவது எவ்வகையில் சரி?

முந்தி அறிந்தால் முந்தி வெல்லலாமா?

"அப்படியானாலும், நோய் திரும்புவதை நாலு மாதம் முன்னதாகவே அறிந்துகொண்டால் நல்லதுதானே?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. நோய் திரும்பும் பெண்களில் பலருக்கு, வேறு அறிகுறி தோன்றுவதற்குச் சராசரியாக 5, 6 மாதங்களுக்கு முன்பே இக்குறிகாட்டி உயரத் தொடங்குகிறது என்பது மெய்யே. ஆனால் அந்த மாதங்கள் ஆயுளைக் கூட்டுகின்றனவா?

இத்தாலி நாட்டில் இதற்கு நெருங்கிய வினாவை நேர்மையாகச் சோதித்துப் பார்த்தார்கள். அறுவை முடிந்த 1320 பெண்களை 20 மருத்துவமனைகளில் இரு பிரிவாகப் பகுத்தனர். இரு பிரிவினரும் ஒரே கால அளவில் மருத்துவரைக் கண்டனர். ஆண்டுதோறும் மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டனர். ஒரு பிரிவினருக்கு மட்டும் எலும்பு ஸ்கேன், கல்லீரல் ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே, இரத்தச் சோதனை ஆகியவை குறித்த காலங்களில் தவறாது செய்யப்பட்டன. மற்றவர்களுக்கோ தேவை தோன்றியபோது மட்டும். 1994-இல் முடிவு வெளியாயிற்று. ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில், இடைவிடாது சோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 20 பேரும், மற்றவர்களில் நூற்றுக்கு 18 பேரும் இறந்திருந்தனர். பெருஞ்சோதனைகளால் உயிர் காக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இதன் பொருள் கசப்பானது, ஆயினும் தெளிவானது. எலும்புக்கோ கல்லீரலுக்கோ பரவிய மார்பகப் புற்றை இன்றைய மருந்துகள் ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்கும். பெரும்பாலும் வேரறுக்க இயலாது. அறிகுறியின்றி நலமாக வாழ்ந்திருக்கக்கூடிய மாதங்களைக் கவலை மாதங்களாக மாற்றுவதே முந்தி அறிவதன் பயனாக முடியலாம். ஆகவேதான் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2007-இல் வெளியிட்ட நெறிகளில், நோயைத் தேடிக் கண்டுபிடிக்கவும், சிகிச்சை முடிந்து நலமாயிருப்போரைக் கண்காணிக்கவும் இக்குறிகாட்டிகளை வழக்கமாகப் பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை. நாளை மேலும் சிறந்த மருந்துகள் வந்தால் இந்த நிலை மாறக்கூடும். அதற்கான ஆய்வுகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

எங்கே பயன் உண்டு?

அப்படியானால் இச்சோதனையே வீண் என்று எண்ணிவிடலாகாது. பரவிய நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, மருந்து வேலை செய்கிறதா என்று அறிய இஃது உதவும். எலும்பில் மட்டும் பரவிய நோயை ஸ்கேன் கொண்டு அளப்பது கடினம். அங்கே எண்ணின் போக்கு நல்ல துணை. அப்போதும் உடற்பரிசோதனையோடும் ஸ்கேனோடும் சேர்த்தே படிக்க வேண்டும். புதிய மருந்து தொடங்கிய முதல் 4 முதல் 6 வாரங்களில் எண் திடீரென உயர்வதுண்டு. மருந்தால் அழியும் உயிரணுக்கள் தம்முள் இருந்ததைக் கொட்டிவிட்டுப் போவதாலும் அவ்வாறு நேரலாம். அந்த உயர்வைக் கண்டு அஞ்சி, நல்ல மருந்தைக் கைவிட்டவர் ஆகிவிடக் கூடாது.

புதிய சோதனைகளும் வந்துள்ளன. இரத்தத்தில் திரியும் புற்றணுக்களை எண்ணிப் பார்க்கும் முறை அவற்றுள் ஒன்று. பரவிய நோயுள்ள 177 பெண்களை ஆராய்ந்து 2004-இல் வெளியான அறிக்கை, 7.5 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் நோயின் போக்குக் கடுமை என்று காட்டிற்று. ஆனால் எண்ணிக்கை குறையாதவர்களுக்குக் கீமோதெரபி மருந்தை உடனே மாற்றிப் பார்த்த ஆய்வு, அதனால் ஆயுள் நீளவில்லை என்று 2014-இல் தெரிவித்தது. மற்றொரு முறை, இரத்தத்தில் மிதக்கும் புற்றுநோயின் மரபணுத் துணுக்குகளைப் படிப்பது. 'ஈ.எஸ்.ஆர். 1' என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதை இரத்தத்திலேயே கண்டு, அதற்கேற்ற 'எலாசெஸ்ட்ரன்ட்' என்ற மாத்திரையைத் தர 2023-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. இங்கே எண்ணும் எழுத்தும் அச்சுறுத்துவதோடு நில்லாமல், செய்ய வேண்டியதையும் சொல்லத் தொடங்கியுள்ளன.

'பிராக்கா' எனப்படும் இரத்தச் சோதனையை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது நோயின் தடயத்தைத் தேடுவதன்று. குடும்பவழியாக வரும் மரபணுக் குறை உண்டா என்று பார்ப்பது.

இன்னொரு தாய்

எண் உயர்ந்தபோது அஞ்சியவரின் கதையோடு, எண் உயராதபோது ஏமாந்தவரின் கதையையும் சொல்லியாக வேண்டும். நாம் அறிந்த மற்றொரு தாய், அறுவைக்குப்பின் ஆறு மாதத்துக்கொருமுறை தவறாமல் இரத்தம் கொடுத்து வந்தார். எண் என்றும் இருபதைத் தாண்டியதில்லை. ஐந்தாம் ஆண்டில் இடுப்பில் வலி கண்டது. இரவில் மிகுந்தது. "அறிக்கை நன்றாக இருக்கிறதே, இது வாயுப்பிடிப்புத்தான்" என்று இல்லத்தார் தைலம் தேய்த்தனர். அவரும் சமையற்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்று வேலை செய்தார். ஏழு மாதம் கழித்து ஒரு விடியற்காலை குளியலறையில் விழுந்து தொடையெலும்பு முறிந்த பிறகே, நோய் எலும்புக்குப் பரவியிருந்தது தெரிந்தது.

அந்த ஏழு மாதங்கள் முன்னதாக அறிந்திருந்தால் நோயை ஒழித்திருக்கலாம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் கதிர்ச் சிகிச்சையால் வலியைத் தணித்திருக்கலாம். எலும்பை உறுதிப்படுத்தும் மருந்தால் முறிவைத் தடுத்திருக்கவும் கூடும். அந்தத் தாய் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தார். தாளை நம்பியவர்கள் அவரை நம்பவில்லை.

இல்லத்தார் கடமை

சிகிச்சை முடிந்த பெண்ணை முதல் மூன்று ஆண்டுகள் 3 முதல் 6 மாதங்களுக்கொருமுறையும், அடுத்த இரண்டாண்டுகள் 6 முதல் 12 மாதங்களுக்கொருமுறையும், பின்னர் ஆண்டுக்கொருமுறையும் மருத்துவர் கையால் பரிசோதிக்க வேண்டும். ஆண்டுதோறும் மார்பக எக்ஸ்ரே வேண்டும். அறுவைத் தழும்பிலோ, அக்குளிலோ, மறு மார்பிலோ புதிய தடிப்பு, வாரக்கணக்கில் நீங்காத எலும்பு வலி, மூச்சு முட்டல், விடாத இருமல், மஞ்சட்காமாலை, காரணமற்ற எடைக்குறைவு, ஓயாத தலைவலி: இவற்றுள் எது கண்டாலும் அடுத்த முறைக்குக் காத்திராமல் உடனே செல்ல வேண்டும். எண் எப்படியிருந்தாலும் சரியே.

மருத்துவர் குறிகாட்டிச் சோதனை எழுதிக் கொடுத்தால், "இதன் விடை எதுவாயினும் சிகிச்சை மாறுமா?" என்று பணிவோடு கேட்கலாம். செய்வதாயின் ஒரே சோதனைச்சாலையில் செய்க. ஒருமுறை உயர்ந்ததை முடிவாகக் கொள்ளாமல், சில வாரம் கழித்து மறுபடியும் பார்க்க மருத்துவர் சொல்லக்கூடும். அதற்குப் பொறுமை வேண்டும்.

நோய் இன்னும் வராத பெண்களுக்கோ, இரத்தச் சோதனையைவிடக் கையே துணை. மும்பையில் 1998-இல் தொடங்கி, ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட ஏழைப் பெண்களிடையே நடந்த நெடிய ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற பெண் நலப்பணியாளர் இரண்டாண்டுக்கொருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்ததன் பயனாக, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் மார்பகப் புற்றுச் சாவு ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்தது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் கண்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. கூச்சத்தால் கட்டியை மறைக்கும் வழக்கத்தை நம் தாய்மார்கள் விட்டொழிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அறிக்கையை அவளிடமிருந்து மறைக்காதீர்கள். மறைப்பது அன்பினாலேதான், ஐயமில்லை. ஆனால் தன் உடலைப் பற்றித் தன்னைத் தவிர வீட்டில் எல்லாரும் அறிந்திருக்கிறார்கள் என்பதை அவள் முகம் பார்த்தே அறிந்துகொள்வாள். அப்போது அச்சத்தோடு தனிமையும் சேர்ந்துவிடும்.

வேப்பமரத்தடியில் நாம் கண்ட அன்பர் மறுநாளே மனைவியிடம் தாளைக் காட்டினார். அவர் அதைப் பார்த்துவிட்டு, "நாலு நாளாக நீங்கள் சோறு சரியாக உண்ணாததன் காரணம் இதுதானா?" என்றாராம். மருத்துவர் உடலைப் பரிசோதித்தார், கேட்க வேண்டியவற்றைக் கேட்டார், ஒன்றும் காணவில்லை. சென்ற முறை சோதித்த சாலை எது என்று விசாரித்தபோதுதான், இம்முறை வீட்டுக்கு அருகே புதிதாகத் திறந்த வேறு சாலையில் இரத்தம் கொடுத்திருந்தது தெரிந்தது. ஆறு வாரம் கழித்துப் பழைய சாலையிலேயே பார்க்கச் சொன்னார். எண் 25.

இனி என்றும் நோய் வராது என்று அந்த 25-உம் உறுதி கூறவில்லை. மருத்துவர் அதையும் மறைக்காமல் சொன்னார். ஆனால் அந்த ஆறு வாரங்களுக்குள் மூன்று ஞாயிறுகளிலும் கோவிலில் ஓலை வாசிக்கப்பட்டுவிட்டது. திருமண நாளன்று மணமகளின் தலைமுடியில் மல்லிகைச் சரத்தைச் செருகிவிட்டவர் அந்தத் தாய்தான். அறுவை செய்த பக்கத்துக் கை முழுதும் உயராது. மகள் சற்றே குனிந்து கொடுத்தாள்.